பழைய வி-கிராஸுக்கு ஓல்டு மேன் எமு: எதைப் பார்த்து வாங்கினேன், எதையெல்லாம் தவிர்த்தேன்

என் வி-கிராஸ் பிக்கப்புக்கு ஓல்டு மேன் எமு லிஃப்ட் கிட், அதாவது வண்டியைக் கொஞ்சம் உயர்த்தும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் (சுருக்கமாக ஷாக்) சேர்ந்த செட், போட்டு ஒரு மழைக்காலமும் ஒரு காப்பி சீசனும் முழுசாக ஓட்டியாயிற்று. நன்றாக இருக்கிறது, விலை அதிகம், மறுபடி வாங்கச் சொன்னாலும் இதையேதான் வாங்குவேன். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். லிஃப்ட் கிட் என்றதும் "எத்தனை இன்ச் ஏறும்?" என்று மட்டும் கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக மீதியையும் படியுங்கள், ஏனென்றால் அந்தக் கேள்வியில்தான் பாதிப் பேருக்குக் காசு போகிறது.

வண்டி 2016 இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். பிஎஸ் 4, 2.5 லிட்டர் டீசல், ஐந்து கியர் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ். முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு ஆர்ம்), காயில் ஸ்பிரிங். பின்னால் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பி, அதற்கு நடுவே மிளகும் மலைவாழையும். தார் ரோடு முடிந்ததும் தோட்டம் வரைக்கும் ஜீப் பாதைதான், அக்டோபர் மழை பிடித்துவிட்டால் நடுவில் மேடும் இரண்டு பக்கம் வாய்க்காலுமாகிவிடும். சீசனில் பட்டிவீரன்பட்டி வரைக்கும் மூட்டை இறக்க வேண்டும், மற்ற நாளில் வண்டி பெரும்பாலும் காலி, மாதத்தில் சில தடவை நான்கு வழிச் சாலையில் திருச்சி, சென்னை. அதாவது எனக்கு வேண்டியது மூன்று வேலையும் பார்க்கும் சஸ்பென்ஷன். ஒரு வேலைக்கு மட்டும் என்றால் தேர்வு ரொம்ப சுலபம்.

முதலில் ஒரு விஷயம். பத்து வருஷத்தை நெருங்கும் வண்டியில் ஸ்பிரிங் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதனால் கிட் போட்டதும் "50 மில்லிமீட்டர் ஏறிவிட்டது" என்று சொல்வதில் ஒரு பகுதி புது உயரம் கிடையாது, வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது இருந்த உயரம்தான். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் பிடியுங்கள். நான்கு சக்கரத்துக்கும் அளந்து எழுதி வையுங்கள். என் வண்டியில் ஓட்டுநர் பக்கம் முன்னால் மற்ற பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, டேப்பில்தான் தெரிந்தது. அப்படியே வண்டிக்கு அடியில் படுத்து பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர்), டை ராடு எண்டு, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நடு பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் முதல் காசு அதற்குத்தான். தேய்ந்த பால் ஜாயின்டுக்கு மேல் புது ஸ்பிரிங்கை வைத்தால் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அடுத்தது லிஃப்ட் கிட் எதைச் செய்யாது என்பது. பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அது ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங் தூக்குவது அதற்கு மேலே இருக்கிற சேசிஸை. முன்னால் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பிடித்திருப்பதால் அது ஏறும், பின்னால் ஏறாது. நடு மேட்டில் பின் உருண்டை இடிக்கிறது என்பதற்காக லிஃப்ட் கிட் வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அதற்கு மருந்து டயர் மட்டும்தான். கம்பெனி டயர் 255/65 ஆர்17, அதன் மொத்த உயரம் சுமார் 763 மி.மீ. 265/70 ஆர்17 போட்டால் சுமார் 803. வித்தியாசத்தில் பாதி, அதாவது 20 மி.மீ., ஆக்ஸில் உயரும். ஆனால் ஸ்பீடோ மீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும், முதல் கியரில் ஏற்றம் ஏறும்போது இழுவை அதே அளவுக்குக் குறையும், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது உள்ளே உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? மூக்கு, வால், வயிறு மூன்றுக்கும். இந்த வண்டிக்கு வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 3095 மி.மீ. அவ்வளவு நீளமான வண்டி ஒரு மேட்டைத் தாண்டும்போது இடிப்பது பெரும்பாலும் நடுவயிறுதான், கால் வைத்து ஏறும் படி முதலில் நசுங்கும். 40 மி.மீ. தூக்கினாலே அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியம், மூட்டை ஏற்றிய பிறகு பின்பக்கம் படுத்துக்கொண்டு பம்ப் ஸ்டாப்பில் (ஆக்ஸில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) தட்டுவது. அது உயரத்தால் தீர்வதில்லை, ஸ்பிரிங்கின் பலத்தால் தீர்வது.

இப்போது மலிவு வழிகள். முன்னால் ஷாக்கின் தலையில் ஒரு வில்லை வைத்துத் தூக்குவதுதான் எல்லாக் கடையிலும் முதலில் காட்டுவது. ஷாக் லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால் மேலே வைக்கும் வில்லையின் தடிமனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரத்தில் தெரியும். சின்ன வில்லை, பெரிய உயரம், சில ஆயிரத்தில் வேலை முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிங் அதே பழைய ஸ்பிரிங், ஷாக் அதே செத்த ஷாக். சக்கரம் கீழே தொங்கும்போது முன்பு போன தூரத்தைவிட இன்னும் கீழே போகிறது, அந்தக் கோணத்தில் சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மடங்கும் இணைப்பு) சுழல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அப்படித்தான் ஒரு கடையில் போட்டுக்கொண்டு வந்தார். சில மாதத்தில் சிவி ஜாயின்டை மூடும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி அறுந்து, வீல் ஆர்ச் உள்பக்கம் முழுக்கக் கிரீஸ் தெளித்திருந்தது. அறுந்த உறைக்குள் மணல் போனால் அடுத்து ஜாயின்டே போகும், ஒரு பக்கத்து டிரைவ் ஷாஃப்ட் விலையைக் கேட்டபோது வில்லையில் மிச்சம் பிடித்த காசு எங்கே போனதென்று தெரிந்தது. அவரும் இப்போது முழு கிட்டுக்குத்தான் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பின்னால் மூன்று நாட்டு வைத்தியம் உண்டு. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது, ஷாக்கிளை (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கு துண்டு; ஷாக் வேறு) நீளமாக்குவது, இருக்கிற பட்டைக்கே வளைவு ஏற்றுவது. கட்டை வைத்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ள நெம்புகோல் கிடைத்த மாதிரி, முதல் கியரில் மேடு ஏறும்போது வண்டி துள்ளும். ஷாக்கிளை 50 மி.மீ. நீட்டினால் கிடைப்பது பாதிதான், 25 மி.மீ., அதற்குள் ஆக்ஸிலின் சாய்வும் மாறிவிடும். வளைவு ஏற்றுவதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டியும் தருவார்கள். எப்போதும் லோடு மட்டுமே அடிக்கும் வண்டிக்கு அது நல்ல வழி, காசும் குறைவு. எனக்குச் சரிப்படாததற்குக் காரணம், களைத்துப்போன எஃகில் ஏற்றிய வளைவு மறுபடியும் மெதுவாக இறங்கும், சேர்த்த பட்டையோ காலி வண்டியில் இடுப்பை ஒடிக்கும்.

சரி, முழு கிட் என்று முடிவாயிற்று. இந்த டி-மேக்ஸ் தாய்லாந்திலிருந்து உலகம் முழுக்கப் போன வண்டி, ஆஸ்திரேலியாவில் இதை ஓட்டித் தள்ளுகிறார்கள், அதனால் நமக்குக் கிடைக்கும் பெயர்களும் அந்த இரண்டு ஊர்ப் பெயர்கள்தான். ஏஆர்பி கம்பெனியின் ஓல்டு மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் எல்லாம் ஆஸ்திரேலியா. புரோஃபெண்டர் தாய்லாந்து. எல்லாமே நல்ல பெயர் எடுத்தவை, இதில் எதையும் மட்டம் என்று சொல்ல நான் ஆளில்லை. வித்தியாசம் ஷாக்கின் உள்ளே இருக்கிறது. ஓல்டு மேன் எமுவின் நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட், இரட்டைக் குழாய், உள்ளே எண்ணெயோடு நைட்ரஜன். சாதாரண ரோட்டில் இதமாக இருக்கும். அயர்ன்மேனின் ஃபோம் செல் வகையில் வாயுவுக்குப் பதிலாக நுரைப் பஞ்சு மாதிரி ஒன்றை வெளிக் குழாயில் வைத்திருக்கிறார்கள், நீண்ட நேரம் குலுங்கும் மண் பாதையில் எண்ணெய் நுரைத்து ஷாக் சோர்ந்து போகாமல் இருப்பதற்கு அது. டஃப் டாக்கில் ஷாக்கிலேயே குமிழைத் திருகி ஒன்பது நிலையில் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. லோடு நாளுக்கு ஒன்று காலி நாளுக்கு ஒன்று என்று திருக ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் என்னைத் தெரியும், சேற்றில் படுத்துத் திருகப் போவதில்லை. ஏஆர்பியிலேயே பிபி-51 என்று இதற்கு மேலே ஒன்று இருக்கிறது, அந்த விலைக்கு இன்னும் ஒரு கறவை மாடு வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நியாயம்தான்.

இப்போது நிஜமான தேர்வுக்கு வருவோம். பெயரைவிட முக்கியம் எந்த ஸ்பிரிங் என்பது. ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒரே 40 மி.மீ. என்று அட்டையில் இருந்தாலும் முன் ஸ்பிரிங்கில் கம்பெனி பம்பருக்கு ஒன்று, புல் பார் (முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு) வைத்த வண்டிக்கு ஒன்று, வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்) சேர்ந்தால் ஒன்று என்று வகை வகையாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் முன்னால் இரும்பு புல் பார் இல்லாத பிக்கப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அவர்கள் ஊரில் அதிகம் ஓடுவது அந்தக் கனமான ஸ்பிரிங். நம் ஊரில் 2017 டிசம்பரில் மத்திய அரசு புல் பாரைக் கழற்றச் சொல்லி நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது, இன்று முன்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக் பம்பர். அந்த வண்டிக்குக் கனமான ஸ்பிரிங்கை மாட்டினால் என்ன ஆகும்? மூக்கு வானத்தைப் பார்க்கும், கடைக்காரர் "பாருங்க சார், சொன்னதைவிட ஜாஸ்தி ஏறியிருக்கு" என்பார், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் கீழே போய் முட்டி "டக்" என்று ஒரு சத்தம் வரும். அது ஸ்பிரிங் வண்டியின் எடைக்குப் பொருந்தவில்லை என்று சொல்கிற சத்தம்.

இதைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே தீர்மானிக்க ஒரு வழி, எடை மேடை. வழக்கமாக வண்டியில் கிடக்கிற சாமான், ஜாக்கி, கயிறு, டேங்க் நிறைய டீசல் எல்லாவற்றோடும் போய், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின் ஆக்ஸில் எடை வந்துவிடும். லோடு ஏற்றி மறுபடியும் அதே மாதிரி. எடை மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கடைக்குப் போகும்போது இந்தச் சீட்டைக் காட்டி "காலியில் இவ்வளவு, சீசனில் இவ்வளவு, எந்த நம்பர் ஸ்பிரிங்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். நான் கேட்ட ஒரு இடத்தில் "எல்லாத்துக்கும் ஒரே ஸ்பிரிங்தான் சார்" என்றார்கள், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் எடுத்தது முன்னால் கம்பெனி பம்பருக்கான ஸ்பிரிங், பின்னால் நடுத்தரச் சுமைக்கான முழுப் பட்டை செட், நான்கு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் புதிதாக, புது புஷ். பொருள், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். சீசனில் முழு லோடு அடிப்பதால் கனமான பட்டை போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள், வருஷத்தில் பாதி நாள் காலியாக ஓடுகிறவர்கள் நடுத்தரத்தோடு நிறுத்துங்கள். நிரந்தரமாகப் பின்னால் கூண்டு கட்டி வைத்திருக்கிறவர்களுக்குத்தான் கனமானது.

வருஷக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு கேட்லாக்கில் "டி-மேக்ஸ் 2021" என்று போட்டிருப்பது அடுத்த தலைமுறை வண்டி. நம் ஊரில் 2021-இல் வந்த பிஎஸ் 6, 1.9 லிட்டர் வி-கிராஸ் உடம்பால் பழைய தலைமுறைதான். அதனால் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் வருஷத்தை வைத்து இணையத்தில் ஆர்டர் போட்டால் பொருந்தாத பெட்டி வந்து சேரும். 2012-லிருந்து 2020 வரைக்கும் என்று போட்டிருப்பதுதான் நமக்கு, மற்றதைச் சேசிஸ் நம்பர் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாட்டுகிற வேலையில்தான் எனக்கு எரிச்சல். பெயர் வேண்டாம், பெரிய போர்டு வைத்த வொர்க்ஷாப். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே பட்டையின் கண் போல்ட்டு, ஷாக்கிள் போல்ட்டு எல்லாவற்றையும் நியூமேட்டிக் கன்னில் கடைசி வரை இறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதுதான் அதற்கு இயல்பு நிலை. தொங்கும்போது இறுக்கினால் வண்டி கீழே நின்றதும் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சவாரி கட்டையாக இருக்கும், சீக்கிரமே கிழியும். வீட்டுக்கு வந்து வாசல் படியில் ஏற்றும்போதே பின்னால் ஒரு இறுக்கம் தெரிந்தது. மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி அத்தனை போல்ட்டையும் தளர்த்தி, வண்டியைச் சமதரையில் சக்கரத்தில் நிற்க வைத்து, பம்பரைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கி, அப்புறம் டார்க் ரெஞ்சில் இறுக்கினான். அரை மணி வேலை. வண்டி அப்போதுதான் சரியான உயரத்துக்கு உட்கார்ந்தது, சவாரியும் மாறிவிட்டது. பழைய யூ போல்ட்டைத் திருப்பி மாட்ட விடாதீர்கள், ஒரு தடவை இழுபட்ட போல்ட்டு அது. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், என் வண்டியில் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கின.

ஓட்டம் எப்படி? மலை ரோட்டில்தான் முதலில் தெரிகிறது. சித்தரேவிலிருந்து ஏறும் வளைவுகளில் பழைய ஷாக்கில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி ஒரு ஆட்டம் ஆடி நிற்கும், பின் சீட்டில் அம்மாவுக்குக் குமட்டும். இப்போது உயரம் கூடியும்கூட ஒரே சாய்வோடு நிற்கிறது, அம்மா எலுமிச்சம்பழம் கேட்பதில்லை. ஆனால் ஏறி உட்காரக் கஷ்டம் என்கிறார், அது உண்மை, ஒரு முக்காலி பின்னால் கிடக்கிறது. லோடோடு இறங்கும்போது பின்பக்கம் படுத்து பம்ப் ஸ்டாப்பில் தட்டும் சத்தம் சுத்தமாக இல்லை. ஜீப் பாதையில் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கினால் மற்றது தரையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நான்கு வழிச் சாலையில் பாலங்களின் இணைப்புகளைத் தாண்டும்போது முன்பு வந்த அந்த அலை ஆட்டம் போய்விட்டது.

காலி வண்டியில் வேகத்தடை மட்டும் கொஞ்சம் உறைக்கும். பின்னால் ஒரு உதறல். சுமைக்கு என்று செய்த எந்தப் பட்டையும் காலியில் அப்படித்தான், கார் மாதிரி வேண்டும் என்றால் பிக்கப் வாங்கியிருக்கக் கூடாது.

40 மி.மீ. சுற்றிலேயே நின்றதால் மேல் ஆர்ம் மாற்ற வேண்டியதில்லை, முன் டிஃபரன்ஷியலை இறக்க வேண்டியதில்லை. 50-க்கு மேல் போனால் அந்தச் செலவெல்லாம் வரிசையாக வரும். அலைன்மென்டில் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) எவ்வளவு என்று அச்சிட்ட தாளை வாங்கிப் பாருங்கள், டோ (இரண்டு சக்கரமும் உள்ளே வெளியே பார்க்கும் அளவு) மட்டும் சரி செய்து அனுப்பிவிடுவார்கள். தூக்கினால் கேஸ்டர் குறையும், குறைந்தால் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரச் சோம்பல்படும். இன்னொன்று, கிளட்சை விட்டுக் கிளம்பும்போது அடியில் ஒரு நடுக்கம் வந்தால் அது புரொப்பல்லர் ஷாஃப்ட். இரண்டு துண்டு ஷாஃப்ட், பின்பக்கம் உயர்ந்ததும் ஜாயின்டின் கோணம் மாறிவிடுகிறது. நடு பேரிங்கைக் கொஞ்சம் இறக்க வில்லை கிடைக்கிறது, பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். எனக்கு லேசாக இருந்தது, இப்போது இல்லை. ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், எதிரில் வருகிறவன் திட்டுவது கேட்காது என்பதால் மறந்துவிடுகிறோம்.

சட்டத்தை மறைத்துப் பேச விரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, அதன் மேல் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டும் சேர்ந்து தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. தேய்ந்த ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவது பராமரிப்பு, ஆனால் உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் போனால் அதிகாரி எப்படிப் பார்ப்பார், விபத்தானால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பது உங்கள் ரிஸ்க். கடையில் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார்கள், அவர்கள் வண்டி இல்லையே. பழைய ஸ்பிரிங், ஷாக், பட்டை எல்லாவற்றையும் கழற்றி நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன், விற்கும்போதும் உதவும்.

வாங்கும் முன்பு கடைசியாக ஒன்று கேளுங்கள். ஒரே ஒரு ஷாக் கசிந்தால் அந்த ஒன்று மட்டும் தனியாகக் கிடைக்குமா, எத்தனை வாரத்தில் வரும், புஷ் செட் ஸ்டாக்கில் இருக்கிறதா? முழு கிட்டாகத்தான் வரவழைக்க முடியும் என்று சொல்லும் கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.